என் மேல் வழக்குப் போட்ட முனீர் பாய்

முனீர் பாய் காலமான செய்தி வந்தபோது நான் காஞ்சிபுரம் ஓரிக்கையில் ஒரு நெசவாளர் வீட்டில் இருந்தேன். அன்று காலைதான் தறியிலிருந்து அறுத்தெடுத்த சேலையை வாசல் வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். கைப்பேசியில் பாயின் பெயர் தெரிந்தது. தினமும் அந்த நேரத்துக்கு அவர் அழைப்பது வழக்கம். எடுத்து, "சொல்லு பாய்" என்றேன். மறுமுனையில் அவருடைய மகள் தஸ்லீமா.

"மாமா, அத்தா நம்மள உட்டுட்டுப் போயிட்டாரு" என்றாள். அவ்வளவுதான். "இதோ வரேம்மா" என்று சொல்லி நான்தான் வைத்தேன்.

விடியற்காலைத் தொழுகைக்குப் பள்ளிவாசல் போய்விட்டு நடந்தே வீடு திரும்பியிருக்கிறார். தேநீர் குடித்துவிட்டுச் செய்தித்தாளோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவர் மனைவி ஷாகிரா அம்மா இட்லித் தட்டோடு வந்து கூப்பிட்டபோது பதில் இல்லை. இதயம் என்றார் மருத்துவர். எழுபத்தொரு வயது. அன்று மாலையே அடக்கம் செய்தோம். சின்ன காஞ்சிபுரத்திலிருந்து தறிக்காரர்கள் வேலையை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். திருப்பருத்திக்குன்றத்து நூல் வியாபாரி ஒருவர் ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் முறை வந்தபோது நானும் மூன்று கைப்பிடி மண் போட்டேன். திரும்பி நடக்கையில் வெளியூர்க்காரர் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் தாழ்ந்த குரலில், "தலைவர் மேல கேசு போட்டாரே, அவருதானே இவரு?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. கேட்கப்பட்டவர் என்னைப் பார்த்துவிட்டுச் சங்கடத்தோடு அவர் கையை அழுத்தினார். நானே திரும்பி, "ஆமாங்க, அவருதான். என் மேலதான் போட்டாரு" என்றேன்.

நம் சங்கத்து நண்பர்களுக்கு இந்தக் கதை தெரியும். ஆனால் இந்த அஞ்சலி மலர் பாயை அறியாதவர்கள் கைக்கும் போகும் என்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன். எங்களுடையது பட்டு நெசவாளர்களும் உற்பத்தியாளர்களும் சேர்ந்து நடத்தும் சிறிய சங்கம். இருநூற்றுச் சொச்சம் பேர் உறுப்பினர்கள். அவர்களில் வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புகிறவர்கள் முப்பது பேர் இருந்தால் அதிகம். மற்றவர்கள் வீட்டில் ஒன்றிரண்டு தறி போட்டு உள்ளூர்க் கடைகளுக்கு நெய்கிறவர்கள். சங்கம் கச்சாப் பட்டை மொத்தமாக வாங்கி எல்லாருக்கும் பிரித்துக் கொடுக்கும். ஆறு ஆண்டுகளாக நான் தலைவர். அதே ஆறு ஆண்டுகளாக முனீர் பாய் செயலாளர். அவர் பெயரை முன்மொழிந்ததே நான்தான்.

எனக்கும் அவருக்கும் பழக்கம் ஏற்பட்டது ஒரு சிக்கலில். இருபது வருடம் இருக்கும். நான் முதன்முதலாக வெளிநாட்டுக்கு அனுப்பிய பட்டுத் துப்பட்டாக்களும் மெத்தை உறைகளும் சென்னைத் துறைமுகத்தில் நின்றுவிட்டன. ஏன் என்று யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. அப்போதுதான் பாய் துறைமுகத்தில் ஒரு சுங்க ஏஜெண்டிடம் பதினெட்டு வருடம் குமாஸ்தாவாக இருந்துவிட்டு, வேலையை விட்டு ஊருக்கு வந்து சொந்தமாகப் பட்டுத் தொழில் தொடங்கியிருந்தார். யாரோ சொல்லி அவரிடம் போனேன். என்னோடு சென்னைக்கு வந்தார். அங்கே ஒரு மேசையில் உட்கார்ந்து, தலையணை மாதிரி இருந்த சுங்க வரிப் புத்தகத்தைப் பிரித்து, பட்டுக்கான பகுதியை ஆரம்பத்திலிருந்து படிக்கத் தொடங்கினார். எனக்குப் பொறுமையில்லை. "துப்பட்டா இருக்கிற பக்கத்தப் பாத்தா போதாதா பாய்?" என்றேன்.

"அந்தப் பக்கத்தத்தான் எல்லாரும் பாக்கறாங்களே. பிரச்சனை அடுத்த பக்கத்துல குந்திக்கினு இருக்கும்" என்றார், தலை நிமிராமல்.

ஒரு மணி நேரம் கழித்து, பொடி எழுத்தில் இருந்த ஒரு குறிப்பின் மேல் விரலை வைத்தார். சரக்குக்கு நான் எழுதிய வகைப்பாட்டு எண் தவறு. திருத்திக் கொடுத்தோம். மறுநாள் பெட்டிகள் கப்பலேறின. அன்று முதல் நண்பர்கள். வெளியில் என்னை "தாண்டவம்" என்றுதான் கூப்பிடுவார்; நீ, வா, போ என்றுதான் பேசுவார். சங்கக் கூட்டம் தொடங்கி நான் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால், "தலைவரே, நீங்க" என்று மாறிவிடும். கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போது மறுபடி, "என்னாப்பா தாண்டவம், டீ சாப்பிடலாமா?" வேண்டுமென்று செய்ததல்ல. அவருக்கு அது தானாகவே வரும்.

அவரோடு வேலை செய்வது சுலபம் என்று நான் சொல்ல மாட்டேன். கூட்டக் குறிப்பை ஒரு வரி விடாமல் படிப்பார். பசிக்கிறது என்று உறுப்பினர்கள் நெளிவார்கள். எந்த யோசனையை யார் சொன்னாலும், "எங்க எழுதியிருக்குது? காட்டுங்க" என்பார். கொரோனா இரண்டாம் அலையில் நெசவாளர் குடும்பங்களுக்கு உதவித்தொகை கொடுக்க வேண்டியிருந்தது. காசோலைக்கு மூன்று பேர் கையெழுத்து வேண்டும் என்பது விதி. பொருளாளர் மருத்துவமனையில் இருந்தார். இரண்டு கையெழுத்தோடு வங்கி மேலாளரிடம் பேசிப் பார்க்கலாம் என்றேன். பாய் ஒப்பவில்லை. இரண்டு நாள் தாமதமானது. அந்த இரண்டு நாளும் அவர் வீட்டில் அண்டாவில் சோறு வடித்து, தஸ்லீமாவும் அவள் கணவனும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஆனால் அந்தத் தாமதம் சரிதான் என்று அவர் எப்போதும் வாதாடியதில்லை. "அந்த ரெண்டு நாள் தப்புப்பா. விதிய நாம முன்னாடியே மாத்தி எழுதியிருக்கணும்" என்று ஒருமுறை சொன்னார். மாற்றியும் எழுதினார்.

சென்ற ஆண்டு ஆடியில் அமெரிக்க அதிபர் நம் நாட்டுச் சரக்குகளுக்கு இருபத்தைந்து சதவீதம் கூடுதல் வரி போட்டார். ஆவணி பிறந்து சில நாளில் அதன் மேல் இன்னொரு இருபத்தைந்து. தபாலில் போகும் சிறு பார்சல்களுக்கு இருந்த விலக்கும் அதே சமயத்தில் போயிற்று. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி இரண்டு சேலை, மூன்று சேலை என்று விற்றுக்கொண்டிருந்த நம் பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். நியூஜெர்சியில் கடை வைத்திருக்கும் ஒரு தமிழ் அம்மா பல வருடமாக என்னிடம் வாங்குகிறவர். அவர் போன் செய்து, "அண்ணா, கடையத் திறந்து வெச்சிருக்கிறதா மூடறதான்னே தெரியல. தீபாவளி ஆர்டர நிறுத்தி வையுங்க" என்றார். அடுத்த இரண்டு வாரத்தில் என் கடைக்கு அதே மாதிரி செய்தியோடு ஏழெட்டு உறுப்பினர்கள் வந்தார்கள். ஒருவர் மகளின் கல்யாணத்துக்குத் தேதி குறித்திருந்தார்.

எனக்குப் பதறிவிட்டது. செயற்குழுவில் நாலு பேரைக் கடைக்கு வரச் சொன்னேன். அங்கேயே உட்கார்ந்து முடிவு செய்தேன். ஆர்டர் போனவர்களைத் தாங்கிப் பிடிக்க ஓர் அவசர நிதி. தறி ஒன்றுக்கு மாதம் இருநூறு ரூபாய். எல்லா உறுப்பினர்களும் கட்ட வேண்டும். கட்டாதவர்களுக்குச் சங்கத்தின் பட்டு நூல் கிடையாது. சங்கத்தின் தாளில் அடித்துக் கையெழுத்துப் போட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். நல்ல எண்ணத்தோடுதான் செய்தேன். இன்றும் அதைச் சொல்வேன். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கியதும் நினைவிருக்கிறது.

பாய் அப்போது ஊரில் இல்லை. கண் புரை ஆபரேஷனுக்காகச் சென்னையில் மகன் வீட்டில் இருந்தார். இரண்டு வாரம் கழித்துக் கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டு நேராக என் கடைக்கு வந்தார். கூடவே சரோஜா அம்மா. சின்ன காஞ்சிபுரத்தில் இரண்டு தறி வைத்திருப்பவர். கணவர் இறந்த பிறகு அவரும் தம்பி மனைவியும்தான் நெய்கிறார்கள். அவர் பணம் கட்டவில்லை. அதனால் பதினொரு நாளாக நூல் கொடுக்கவில்லை. ஒரு தறி நின்றுவிட்டது.

"ஐயா, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க" என்றார் சரோஜா அம்மா. "நான் நெய்யறது இங்க பெரிய தெருவுக் கடைக்கு. அமெரிக்கா எந்தப் பக்கம்னுகூட எனக்குத் தெரியாது. எனக்கு வரி போட்டது அமெரிக்காக்காரனா, நீங்களா?"

"எல்லாருக்கும் கஷ்டம்தாம்மா. இந்த நேரத்துல ஒத்துமையா இருக்கணும்" என்றேன்.

பாய் கண்ணாடியைக் கழற்றினார். கண் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. "தலைவரே" என்றார். என் கடையில் உட்கார்ந்து அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "இந்த வசூலுக்கு அதிகாரம் எங்க எழுதியிருக்குது? காட்டுங்க."

விதிப்புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். அவசர காலங்களில் சங்க அலுவல்களைத் தலைவர் ஒழுங்குபடுத்தலாம் என்று அதில் இருந்தது. அவர் அந்த வரியை இரண்டு முறை படித்தார்.

"ஒழுங்குபடுத்தலாம்னு இருக்குது. சரி. கூட்டத்த வேற நாளைக்கு மாத்தலாம். நூல் கம்மியா வந்தா ஆளுக்கு இவ்ளோன்னு பிரிக்கலாம். பணம் வசூலிக்கலாம்னு எங்க இருக்குது? சந்தாவுக்குத் தனியா ஒரு விதி இருக்குதே. அதுல பொதுக்குழுன்னுதானே போட்டிருக்குது?"

"பொதுக்குழு கூட்டணும்னா இருபத்தொரு நாள் நோட்டீஸ் குடுக்கணும் பாய். வீடு பத்திக்கினு எரியும்போது நோட்டீஸ் குடுத்துக்கினு இருக்க முடியுமா?"

"நீங்க இத ஒட்டி எத்தினி நாள் ஆச்சு? அன்னிக்கே நோட்டீஸ் குடுத்திருந்தா இன்னும் ஒரு வாரத்துல கூட்டம்."

"நல்லதுக்குத்தான் செஞ்சேன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். கெட்டது பண்றவனை எப்பிடியும் புடிச்சிடலாம். நல்லது பண்றவங்களுக்காகத்தான் விதியே எழுதறது."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "நீ எனக்குச் செயலாளரா, எதிர்க்கட்சியா?" என்று கேட்டேன். வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னால்தான் கேட்டேன். பாய் குரலை உயர்த்தவில்லை. பொதுக்குழு கூடும்வரை இந்த அம்மாவுக்கு மட்டுமாவது நூல் கொடுக்கச் சொல்லுங்கள் என்றார். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள் என்று மறுத்துவிட்டேன். வசூல் போட்டதை நினைத்து நான் இப்போது அவ்வளவாக வருந்துவதில்லை. அந்த அம்மாவை நூல் இல்லாமல் திருப்பி அனுப்பியதை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது.

மூன்று வாரம் கழித்து முன்சீப் கோர்ட்டிலிருந்து எனக்குச் சம்மன் வந்தது. வாதிகள் இரண்டு பேர். முதலாவது சரோஜா அம்மா, இரண்டாவது முனீர் பாய். பொதுக்குழு ஒப்புதல் இல்லாமல் தலைவர் வசூலிக்கத் தடை கேட்டிருந்தார்கள். சம்மனை வீட்டில் மேசை மேல் போட்டேன். என் மனைவி எடுத்துப் படித்துவிட்டு, "பாய் உங்க மேல கேசு போட்டிருக்காரா? நீங்க என்ன பண்ணீங்க?" என்றாள். பாய் ஏன் இப்படிச் செய்தார் என்று அவள் கேட்கவே இல்லை. அதற்காக அவளிடமும் இரண்டு நாள் நான் பேசவில்லை.

வழக்கு எடுக்கப்பட்ட நாளில் கோர்ட்டு வராந்தாவில் நிழலில் ஒரே ஒரு பெஞ்சு காலியாக இருந்தது. ஒரு கோடியில் நான் உட்கார்ந்தேன். மறு கோடியில் அவர். நடுவில் சரோஜா அம்மா, மடியில் சாப்பாட்டுக் கூடையோடு. ஒரு மணி நேரம் போயிற்று. பிறகு பாய் செய்தித்தாளை மடித்து, அந்த அம்மாவின் கைவழியாக என்னிடம் நீட்டினார்.

"படிச்சியா? இந்த வாரம் அவங்க சுப்ரீம் கோர்ட்டுல அவங்க அதிபரோட வரி வழக்கு விசாரணைக்கு வந்துக்கிது. அங்கயும் இதே சண்டைதாம்பா. அவசர காலத்துல இறக்குமதிய ஒழுங்குபடுத்தலாம்னு அவங்க சட்டத்துல ஒரு வார்த்தை இருக்குது. அதுக்குள்ள வரி போடறதும் அடங்குமான்னு கேக்கறாங்க."

திருப்பிக் கொடுத்துவிடத்தான் நினைத்தேன். ஆனால் படித்தேன். வழக்குப் போட்டவர்கள் பெரிய முதலாளிகள் இல்லை. பிள்ளைகளுக்குப் பொம்மை விற்கிறவர்கள், திராட்சை மது இறக்குமதி செய்கிற சின்ன வியாபாரிகள். அவ்வளவு பெரிய நாட்டின் அதிபரைப் பொம்மைக் கடைக்காரர் கோர்ட்டுக்கு இழுக்கிறார் என்பதைப் படித்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர் ஜெயிக்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்போடு நிமிர்ந்தால் எதிரே என் வக்கீல் நிற்கிறார், உள்ளே கூப்பிடுகிறார்கள் என்று.

நீதிபதி சிறு வயதுப் பெண். என் வக்கீல் அவசர நிலையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். நீதிபதி முழுவதும் கேட்டுவிட்டு, பொதுக்குழுவைக் கூட்டுவதில் உங்கள் கட்சிக்காரருக்கு என்ன சிரமம் என்று கேட்டார். நேரமில்லை என்றார் வக்கீல். அந்த அறிவிப்பு ஒட்டி எத்தனை நாளாகிறது என்று கேட்டார். இரண்டு மாதத்துக்கு மேல். அதைச் சொல்லும்போது வக்கீலின் குரல் இறங்கிவிட்டது. நீதிபதி வசூலுக்கு இடைக்காலத் தடை போட்டார். நூலை நிறுத்தக் கூடாது என்றும் உத்தரவிட்டார்.

வெளியே வந்தோம். பாய் முகத்தில் வெற்றிக் களை எதுவும் இல்லை. "வண்டி எடுத்தாந்தியா? இல்லன்னா ஆட்டோல போலாம் வா" என்றார். "வேணாம்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால், சரோஜா அம்மாவை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு அவர் தனியாக எனக்குப் பின்னால் இருபதடி தள்ளி நடந்து வருகிறார். வெயில் முகத்தில் அடிக்கிறது. கண்ணாடியைக் கையால் அழுத்திப் பிடித்திருக்கிறார். எனக்கு மேற்கொண்டு நடக்க முடியவில்லை. ஒரு டீக்கடையில் நின்று இரண்டு டீ சொன்னேன். அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பாதி டீ குடித்த பிறகு சொன்னார்: "பொதுக்குழு நோட்டீஸ் டைப் அடிச்சு வெச்சிருக்கேன். உன் கையெழுத்துதான் பாக்கி."

கார்த்திகை மழையில் ஒரு கல்யாண மண்டபத்தில் பொதுக்குழு கூடியது. இவ்வளவு பேர் வருவார்கள் என்று நான் நினைக்கவில்லை. நிதி ஏன் வேண்டும் என்று நான் விளக்கினேன். கூட்டத்தில் இரைச்சல். "கோர்ட்டுல தோத்துட்டு மறுபடி வந்து கேக்கறீங்களே" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார். அப்போது பாய் எழுந்தார். இனி முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

"கோர்ட்டுக்குப் போனது நான். அதனால நான் பேசறேன்" என்று ஆரம்பித்தார். "இந்த நிதி வேணும். போன மாசம் நம்ம ஆளு ஒருத்தர் பொண்ணு கல்யாணத்தத் தள்ளி வெச்சிருக்காரு. நாளைக்கு இது யாருக்கு வேணா வரலாம். தலைவர் கேக்கறது நியாயம். நான் ஆதரிக்கிறேன்."

பின்வரிசைக்காரர் உட்கார்ந்தார். சரோஜா அம்மா எழுந்து ஒரு திருத்தம் சொன்னார். வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் அனுப்பும் பெட்டிக்கு இவ்வளவு என்று கட்டட்டும். உள்ளூருக்கு நெய்கிறவர்கள் முடிந்ததைக் கொடுக்கட்டும். யாருக்கும் நூல் நிற்கக் கூடாது. அதற்கு முன் அவர் எந்தக் கூட்டத்திலும் பேசியதில்லை. திருத்தத்தோடு ஓட்டுக்கு விட்டேன். முதலில் உயர்ந்த கை முனீர் பாயுடையது. எதிர்த்தவர்கள் ஒன்பது பேர். அவர்கள் பெயரையும் குறிப்பில் எழுத வைத்தார் பாய். மறுவாரம் கோர்ட்டில் வழக்கை முடித்துக்கொண்டார்கள். தள்ளிப் போன அந்தக் கல்யாணம் தை மாதத்தில் நடந்தது. சங்கத்திலிருந்து உதவினோம்.

"நீயே ஆதரிக்கிறதா இருந்தா கேசு எதுக்குப்பா?" என்று அன்று மாலை கேட்டேன்.

"நிதி வேணும்னு எனக்கு மொதல் நாளே தெரியும் தாண்டவம். அத யாரு போடறதுங்கறதுதான் வழக்கு" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டே, "என்னைச் செயலாளரா முன்மொழிஞ்சது நீதானே. நீ சொல்றதுக்கெல்லாம் தலையாட்டறவன் வேணும்னா வேற ஆளப் பாத்திருப்ப" என்றார்.

மாசியில், நோன்பு தொடங்கிய வாரம், அமெரிக்காவில் தீர்ப்பு வந்தது. அந்த அவசரச் சட்டம் அதிபருக்கு வரி போடும் அதிகாரத்தைத் தரவில்லை. வரி போடுவது நாடாளுமன்றத்தின் வேலை என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். அந்த அதிபரே நியமித்த நீதிபதிகளில் இரண்டு பேரும் அவருக்கு எதிராகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். இளைய உறுப்பினர் ஒருவர் சங்க அலுவலகத்துக்கு இனிப்போடு வந்தார். "வெடி வெடிக்கலாமா பாய்?" என்றார்.

"வெடி எதுக்குப்பா? வேற சட்டத்த எடுத்து வேற பேர்ல போடுவாரு. போட்டும். எந்தச் சட்டம், எத்தினி நாளைக்குன்னு இனிமே சொல்லிட்டுப் போடணும் இல்ல, அது போதும்" என்றார். அப்படியேதான் நடந்தது. சில நாளிலேயே வேறொரு சட்டத்தின் கீழ் வேறொரு வரி வந்தது. நம் நாட்டுக்கான விகிதம் அதற்கு முன்பே பேச்சுவார்த்தையில் குறைந்திருந்தது. பழைய வரியைத் திருப்பித் தருவார்களா என்று நியூஜெர்சி அம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். நம் கைக்கு அதில் எதுவும் வரப்போவதில்லை.

ஆனால் பாய் அந்தத் தீர்ப்பை விடவில்லை. தஸ்லீமாவிடம் சொல்லி முழுவதையும் அச்செடுத்தார். நூற்றுக்கணக்கான பக்கங்கள். நோன்பு இருந்துகொண்டு, கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டு, நாளெல்லாம் படித்தார். சாயங்காலம் நோன்பு திறக்கும் நேரத்துக்கு நான் போவேன். கஞ்சியைக் கையில் கொடுத்துவிட்டு அன்று படித்ததைச் சொல்வார். ஒருநாள், "எதிரா எழுதின ஜட்ஜுங்கள இன்னிக்கிப் படிச்சேன். அவங்க சொல்றதுலயும் விஷயம் இருக்குதுப்பா. படிக்காம அவங்களத் திட்டக் கூடாது" என்றார். தன் பக்கம் ஜெயித்த பிறகு தோற்றவர்களின் வாதத்தை உட்கார்ந்து படித்த ஒருவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நோன்புப் பெருநாள் கழித்துச் சில நாளில் நான் அவரிடம் ஒரு தாள் கொடுத்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நம் விதிப்படி ஒருவர் இரண்டு முறைதான் தலைவராக இருக்கலாம். எனக்கு இந்த ஆண்டோடு முடிகிறது. நிலைமை இன்னும் சரியாகவில்லை, இந்தச் சமயத்தில் தலைவரை மாற்றக் கூடாது என்று சிலர் சொன்னார்கள். எனக்கும் ஆசை வந்தது. அந்த வரம்பை எடுத்துவிடும் திருத்தத்தை நானே எழுதி, செயலாளர் பார்க்கட்டும் என்று கொடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துக் கொடுக்க முடியவில்லை. மேசை மேல் வைத்துவிட்டு வந்தேன். "படிச்சிட்டுச் சொல்றேன்" என்றார். அதற்கடுத்த வாரம்தான் தஸ்லீமாவின் போன் வந்தது.

நாற்பதாம் நாள் ஓதி முடித்து எல்லாரும் சாப்பிட்ட பிறகு தஸ்லீமா என்னைத் தனியாகக் கூப்பிட்டு அந்தத் தாளைக் கொடுத்தாள். "அத்தாவோட குர்ஆன் பலகை மேல இருந்திச்சி மாமா" என்றாள். இரண்டு இடத்தில் எழுத்துப் பிழையைத் திருத்தியிருந்தார். ஓரத்தில் பென்சிலால் பொடியாக எழுதியிருந்தார்: "தலைவர் தன் பதவிக் காலத்தைத் தானே முன்மொழியக் கூடாது. வேறு உறுப்பினர் முன்மொழியலாம். பொதுக்குழு முடிவு செய்யட்டும். வந்தால் நான் எதிர்த்து ஓட்டுப் போடுவேன். இதைத் தாண்டவத்திடம் நேரில் சொல்ல வேண்டும்."

நேரில் சொல்ல அவருக்கு நாள் கிடைக்கவில்லை.

என் திருத்தத்தை நான் திரும்பப் பெற்றுக்கொண்டேன். ஆனால் வேறு உறுப்பினர்கள் இருபது பேர் கையெழுத்துப் போட்டு அதே திருத்தத்தைத் தாங்களாகவே கொடுத்திருக்கிறார்கள். அது அவர்கள் உரிமை. விதிப்படி ஆவணியில் பொதுக்குழுவுக்கு வருகிறது. தலைவர் நாற்காலியில் நான்தான் இருப்பேன், கை தூக்கச் சொல்லி நான்தான் கேட்பேன். முனீர் பாயிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது அவர் போட முடியாமல் போன அந்த எதிர் ஓட்டு. அன்றைக்கு அதை நான் போடுவேன்.